டார்செட் பண்ணைக்கூலி ஒருவரின் வாழ்க்கையைத் தேவாலயப் பங்குப் பதிவேடுகளில் தேடுவது: வழி சொல்லுங்கள்

கடல்தாண்டி

வணக்கம் எல்லோருக்கும். ஒரு தேடலில் பாதி வழியில் நிற்கிறேன்.

நான் இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் இருக்கிறேன். என் மனைவி இந்த நாட்டுக்காரர்; அவருடைய அம்மா வழி முழுக்க டார்செட் கிராமங்கள். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. "எல்லாரும் பண்ணைக்கூலிகள், அவர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்" என்பார். என் பிள்ளைகளுக்கும் அவர்கள் முன்னோர்தானே. வெறும் பெயரும் தேதியும் எனக்குப் போதவில்லை. அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கையில் இருப்பது இதுதான். 1851 சென்சஸில், பிடில் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரில், மருமகன் வீட்டில் ஒரு ஜான் இருக்கிறார். குடும்பப் பெயரையும் அந்த ஊர்ப் பெயரையும் பொதுவில் போட வேண்டாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டார், மன்னிக்கவும். மனைவியை இழந்தவர், வயது 58, பண்ணைக்கூலி, பிறந்த ஊர் பியர் ரீஜிஸ். வீட்டுத் தலைவருக்கு மாமனார் என்று உறவுமுறை போட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்மணிதான் என் மாமியாரின் நேர் முன்னோர்.

பியர் ரீஜிஸ் பதிவேட்டில் இதே பெயரில் இரண்டு ஞானஸ்நானம் இருக்கிறது. 1791இல் ஒன்று, 1794 நவம்பரில் ஒன்று. பெற்றோர் வேறு வேறு. 58 வயது என்றால் 1792, 93 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 1788க்கு முந்தைய பதிவேடு அங்கே இல்லவே இல்லை. இன்னொன்று, ஜானின் பிள்ளைகளில் 1819, 1822, 1825இல் பிறந்தவர்களுக்குச் சிற்றூரில் ஞானஸ்நானம். 1828, 1831இல் பிறந்தவர்களுக்குப் பியர் ரீஜிஸில். குடும்பத்தோடு ஏன் இடம் மாறினார்கள்? அவர் மட்டும் கடைசியில் ஏன் திரும்பி வந்தார்?

நாசரேத்துக்காரன்

வாங்க தம்பி. எங்கள் பக்கம் சிஎஸ்ஐ கோயில் பதிவேடுகளோடு நீண்ட காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தக் காலத்துப் பதிவில் என்ன கிடைக்கும் என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட உத்தரவிலிருந்துதான் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர் வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுத ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் பல ஊர்களில் காகிதத்தில் எழுதினார்கள். 1598இல் தோலேட்டில் பெயர்த்து எழுதச் சொன்னபோது, 'குறிப்பாக எலிசபெத் அரசியின் ஆட்சி தொடங்கியதிலிருந்து' என்று ஒரு சொல் இருந்ததால் பல பங்குகளில் 1558க்கு முந்தையதை விட்டுவிட்டார்கள். 1640களிலும் 50களிலும் உள்நாட்டுப் போரால் பல ஊர்களில் ஓட்டை விழுந்திருக்கும்.

உங்கள் ஆளுக்கு வேண்டியது அதற்குப் பிந்தையது. 1754 மார்ச்சிலிருந்து திருமணத்துக்குத் தனிப் பதிவேடு. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்திருக்க வேண்டும், அல்லது உத்தரவுச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். மணமக்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி. சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கை அங்கேதான் அகப்படுவார்கள். ஆனால் ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் சாட்சியாக வந்தால் அது கோயில் குமாஸ்தா. சொந்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓலை வாசித்த பதிவேடு தனியாக இருந்தால் அதையும் பாருங்கள். பெண்ணின் ஊரில் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளையின் பங்கிலும் ஓலை வாசித்திருப்பார்கள். மாப்பிள்ளை எங்கே இருந்து வந்தார் என்று அது சொல்லும்.

1813 ஜனவரியிலிருந்து அச்சிட்ட படிவம். ஞானஸ்நானத்தில் தகப்பன் தொழிலும் குடியிருப்பும், அடக்கத்தில் வயதும் ஊரும் வரும். அதற்கு முன் பெரும்பாலும் 'இன்னார் மகன் ஜான்' என்பதோடு சரி.

அப்புறம் அந்த 1794 நவம்பர் என்ற தேதி. 1783இலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு விலக்கு. அவர்கள் பெயர் பக்கத்தில் 'பி' என்று ஓர் எழுத்து போட்டார்கள். அந்த வரியை 1794 அக்டோபரில் எடுத்தார்கள். வரிக்குப் பயந்து காத்திருந்தவர்கள் அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் அதே பெற்றோருக்கு வேறு பிள்ளையும் அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா பாருங்கள்.

கடல்தாண்டி

ஐயா, இருக்கிறது! அதே நாளில் ஜானும் ஒரு பெண் குழந்தையும். இரட்டையர் என்று குறிப்பு எதுவும் இல்லை. அப்படியானால் 1794இல் ஞானஸ்நானம் பெற்றவர் 1792, 93இல் பிறந்திருக்கலாம். இதை நான் யோசிக்கவே இல்லை.

மழைக்குறி

அப்புறம் என்ன, 1794 தான். முடிந்தது. இணையத்தில் இந்தக் குடும்பத்துக்கு யாராவது வம்ச மரம் போட்டிருப்பார்களே, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வன்னிக்குயில்

கொஞ்சம் பொறுங்கோ. நான் இங்கே ஒரு கவுன்ட்டி ஆவணக் காப்பகத்தில் தொண்டு வேலை செய்கிறேன். ஒருவரை ஏற்றுக்கொள்வதற்கு முன் மற்றவரைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். 1791 ஜான் எங்கே போனார்? குழந்தையிலேயே அடக்கமா, வேறு ஊரில் கல்யாணமா, 1851இல் வேறெங்கேயும் உயிரோடு இருக்கிறாரா? அது தெரியாமல் 1794 என்று எழுதினால் பாதி வேலைதான்.

இணைய மரங்களை நம்பி இறங்காதீங்கோ, மழைக்குறி. அவற்றில் கனக்க மரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை. பத்துப் பேர் சொல்வதுபோலத் தெரியும், மூலம் ஒருவராக இருக்கும். இரண்டு பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளை ஒரே ஆளாக்கி, ஒருவருடைய மனைவியை மற்றவருக்குக் கட்டி வைத்திருக்கும்.

கடல்தாண்டி அண்ணை, எரிந்த பதிவேட்டைப் பற்றி: பியர் ரீஜிஸில் 1788இல் பெரிய தீ. குருவானவர் வீடும் போனது, பதிவேடுகளும் போயின. ஆனால் அதோடு எல்லாம் தொலைந்துவிடவில்லை. ஒவ்வொரு பங்கும் ஆண்டுதோறும் தன் பதிவுகளுக்கு ஒரு நகல் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், அதை பிஷப் நகல் என்பார்கள். பியர் ரீஜிஸ் அந்தக் காலத்தில் சாலிஸ்பரி டீனின் (பேராலயத் தலைமைக் குருவின்) நேரடி அதிகாரத்தில் இருந்த ஊர். சாலிஸ்பரி மறைமாவட்ட ஆவணங்கள் இருப்பது டார்செட்டில் அல்ல, சிப்பன்ஹாமில் உள்ள வில்ட்ஷயர், சுவிண்டன் வரலாற்று மையத்தில். ஜானின் பெற்றோர் கல்யாணத்தை அந்த நகல்களில் தேடலாம். எல்லா ஆண்டும் இருக்காது, இருப்பதைப் பாருங்கோ.

இதைவிட முக்கியமான ஒன்று. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவுகளைப் பார்த்தால் ஒரு பண்ணைக்கூலியின் வாழ்க்கையில் மூன்று நாட்கள்தான் தெரியும். மிச்ச நாட்கள் பங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. கோயிலில் பூட்டி வைத்திருந்த பெட்டி அது. 1601 சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே வரி போட்டுக் காப்பாற்ற வேண்டும். காசு கொடுக்கிற இடத்தில் கணக்கு எழுதத்தானே வேண்டும்? யாருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார்கள், யாருடைய வீட்டு வாடகை கட்டினார்கள், யாரை எங்களுடைய ஊர் ஆள் இல்லை என்று அனுப்பினார்கள், எல்லாம் ஓவர்சீயர், அதாவது ஏழைகளுக்கான வரியையும் செலவையும் பார்த்த பங்கு அலுவலர், எழுதிய கணக்கில் இருக்கும். வசதியாக, ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்த கூலி அந்த ஏட்டில் வரவே மாட்டார். கஷ்டப்பட்டவர்தான் வருவார்.

நீங்கள் சொன்ன இடமாற்றம், அதுவும் 1825க்கும் 1828க்கும் இடையில் முழுக் குடும்பமும் மாறியது, எனக்கு வெளியேற்ற உத்தரவு மாதிரித் தெரிகிறது. சிற்றூரின் 'செட்டில்மென்ட்' (ஒருவர் எந்த ஊருக்கு உரியவர் என்ற) விசாரணை ஏடுகளைத் தேடுங்கோ. டார்செட்டின் பங்குப் பதிவேடுகளும் ஏழைச் சட்ட விசாரணை, வெளியேற்ற ஆவணங்களும் ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படமாகவே இருக்கின்றன. பல நூலகங்களில் அதை இலவசமாகப் பார்க்கலாம். மூலங்கள் டார்செஸ்டரில் உள்ள டார்செட் வரலாற்று மையத்தில்.

பரங்கிமலை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம், பல தலைமுறையாகச் சென்னை. முதல் ஆள் கம்பெனிப் படையில் சிப்பாயாக வந்தவர், ஏதோ ஓர் ஆங்கிலக் கிராமத்தவர் என்று மட்டும் பாட்டி சொல்வார். எந்தக் கிராமம் என்று தெரியாமல் பங்குப் பதிவேட்டுக்கு எப்படிப் போவது?

வன்னிக்குயில்

கிராமத்தைத் தேடிப் போகாதீங்கோ, படையிலிருந்து பின்னோக்கி வாருங்கோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள்சேர்ப்பு, கப்பலேற்றப் பட்டியல்களில் வயது, முன் தொழில், பிறந்த இடம் வரும். சென்னைப் படையின் ஆள்கணக்குப் பட்டியல்களும் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்திலும் பெரும்பகுதி உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தேடல் பக்கம் இலவசம். அவர் கம்பெனிப் படையில் இல்லாமல் அரசரின் படையில் இருந்திருந்தால் ஓய்வூதியத் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அதிலும் பிறந்த பங்கு எழுதியிருக்கும்.

நாசரேத்துக்காரன்

கோட்டை புனித மேரி ஆலயப் பதிவுகளையும் விட்டுவிடாதீர்கள், பரங்கிமலை. 1680இல் பிரதிஷ்டை செய்த ஆலயம். 1753இல் ராபர்ட் கிளைவ் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். அதிகாரிகள் மட்டுமல்ல, சாதாரணச் சிப்பாய்களும் அந்தப் பதிவேடுகளில் இருக்கிறார்கள். விரிவாகக் கேட்க வேண்டுமென்றால் தனியாக ஒன்று தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

கடல்தாண்டி

கிடைத்துவிட்டது. கை நடுங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

1827 ஜனவரி. இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் ஜானின் வாக்குமூலம், ஒரு பக்கம் முழுக்க. வயது சுமார் 34 என்று தொடங்குகிறது. பியர் ரீஜிஸில் பிறந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார். தகப்பன் அங்கே ஒரு விவசாயியிடம் கல்யாணத்துக்கு முன் ஆண்டு முழுக்க வேலை செய்தவர் என்று தகப்பன் பெயரோடு இருக்கிறது. 1794 ஞானஸ்நானத்தில் உள்ள தகப்பன் பெயர் அதுவேதான்! பத்துப் பதினோரு வயதில் பறவை விரட்டப் போயிருக்கிறார். பிறகு ஏர் ஓட்டும் பையன். இருபதுகளில் பிடில் பள்ளத்தாக்குச் சிற்றூரில் ஒரு விவசாயியிடம் சேர்ந்திருக்கிறார். அங்கே ஒரு வரி: பழைய லேடி டே (ஏப்ரல் தொடக்கத்தில் வரும் ஒப்பந்த நாள்) முடிந்து ஒரு வாரம் கழித்துச் சேர்ந்து, அடுத்த பழைய லேடி டே வரைக்கும் ஒப்பந்தம். அடுத்த ஆண்டும் அப்படியே. ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியதாக அவரே சொல்கிறார். அது ஏன் அவ்வளவு கவனமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்?

கடைசியில், டிசம்பரில் வண்டி ஏறிக் கால் உடைந்ததால் வேலை செய்ய முடியவில்லை, பங்கிடம் உதவி கேட்டேன் என்று முடிகிறது. கீழே பெருக்கல் குறி. அவர் கை வைத்த குறி. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவரோடு பியர் ரீஜிஸுக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற உத்தரவும் அதே மாதம்.

வன்னிக்குயில்

அருமை அண்ணை. அந்த ஒரு வாரம்தான் முழு விஷயமே.

1662 சட்டத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பங்கில்தான் உதவி கேட்கும் உரிமை. கல்யாணம் ஆகாத, பிள்ளை இல்லாத ஒருவர் ஓர் ஊரில் முழு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்து முடித்தால் அந்த ஊர் உரிமை அவருக்கு வந்துவிடும். வந்தால் நாளைக்கு அவருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் அந்த ஊர் விவசாயிகள்தான் வரி கட்ட வேண்டும். அதனால் 51 வாரத்துக்கு மட்டும் கூலிக்கு வைத்தார்கள். வேலை வேண்டும், ஆள் வேண்டாம். ஒரு வாரம் குறைந்ததால் ஜான் அந்தச் சிற்றூருக்கு அந்நியர், எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும். தனக்கென்று ஊர் உரிமை சம்பாதிக்காதவருக்குத் தகப்பனின் ஊர்தான் ஊர். அதனால் பியர் ரீஜிஸ்.

1795க்கு முன்னால் என்றால் ஏழை ஆவார் என்ற சந்தேகத்திலேயே அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு உண்மையில் கை நீட்டினால்தான் அனுப்பலாம். அவர் பிழைத்துக்கொண்டிருந்த வரைக்கும் யாரும் தொடவில்லை. கால் உடைந்த மறு மாதம்தான் அனுப்பினார்கள்.

மாலைவெயில்

வாசித்துக்கொண்டே வருகிறேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அந்தக் காலத்து உலகத்தில் எத்தனை நாடுகளில் ஏழைக்கு உதவி கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இருந்தது? பியர் ரீஜிஸ் அவரை ஏற்றுத்தானே ஆக வேண்டும்? கால் உடைந்தவர் பட்டினியால் சாகவில்லை. குறையை மட்டும் பார்க்கிறோமோ என்று தோன்றுகிறது.

வன்னிக்குயில்

நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, மாலைவெயில். கணக்கு ஏடுகளைப் புரட்டினால் கருணையும் தெரியும். கிழவிக்கு விறகு, விதவைக்கு வாடகை, பிரசவத்துக்கு மருத்துவச்சி, அடக்கத்துக்குச் சவப்பெட்டியும் சுமந்தவர்களுக்குப் பீரும். பெயர் தெரிந்து, முகம் தெரிந்து கொடுத்த உதவி. 1834 புதிய சட்டத்துக்குப் பிறகு பல பங்குகளை ஒன்றியமாகச் சேர்த்து, உதவி வேண்டுமானால் வேலையில்லத்துக்குள் (ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிக்குள்) வா என்ற நிலை வந்தபோது, பழைய முறைக்காக ஏங்கியவர்கள் கனக்கப் பேர்.

ஆனாலும் 51 வார ஒப்பந்தத்தை நான் கருணைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். தன் உழைப்பைக் கொடுத்தவனுக்கு ஊரைக் கொடுக்காமல் இருக்கத் திட்டமிட்டுச் செய்தது அது. டார்செட் கூலிகளின் நிலை எப்படி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பியர் ரீஜிஸிலிருந்து சில மைலில்தான் டோல்படில். வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7, அடுத்து 6 ஆகும் என்ற நிலையில் சங்கம் சேர்ந்ததற்காக ஆறு பேரை 1834 மார்ச்சில் டார்செஸ்டரில் விசாரித்து, ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். உங்களுடைய ஜான் அந்தச் செய்தியைக் காதால் கேட்ட தலைமுறை, அண்ணை.

மாலைவெயில்

சரி, அந்த 51 வாரம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இப்படி எழுதி வைத்திருப்பதையே இன்றுதான் அறிகிறேன்.

கடல்தாண்டி

இப்போது வேறொரு கேள்வி, இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. வெளியேற்ற உத்தரவில் மூன்று பிள்ளைகள் பெயரும் வயதும் இருக்கின்றன, 1819, 1822, 1825 பிள்ளைகள் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் என் மாமியாரின் நேர் முன்னோர், அதாவது 1851இல் ஜானைத் தன் வீட்டில் வைத்திருந்த மூத்த மகள், உத்தரவில் இல்லை. 1827இல் அவளுக்குப் பத்து வயது இருக்க வேண்டும்.

தேடியதில், சிற்றூர்ப் பதிவேட்டில் 1816இல் தாயின் பெயரில் மட்டும் ஒரு ஞானஸ்நானம். தகப்பன் கட்டம் காலி. 'பேஸ்பார்ன்', அதாவது கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, என்று எழுதியிருக்கிறார்கள். ஜானும் அந்தத் தாயும் கல்யாணம் செய்தது 1818இல். மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் ஜான் நம் ஆளே இல்லையா?" என்றார். இத்தனை நாள் தேடிய மனிதர் நம்மவர் இல்லை என்று ஆகிவிடுமோ என்று எனக்கும் கலக்கம்.

நாசரேத்துக்காரன்

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தக் காலக் கிராமத்தில் இது அபூர்வமே அல்ல. கல்யாணம் முடிந்து ஐந்தாம் மாதம் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேடு பதிவேடாக வரும். கூலி சேர்த்து, ஒரு குடிசை கிடைத்த பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. அந்தப் பெண் எந்தத் தவறும் செய்ததாக நினைக்க வேண்டாம்.

வன்னிக்குயில்

உத்தரவில் பெயர் இல்லாததற்கும் சட்டத்தில்தான் பதில் இருக்கு. கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த பங்கே ஊர். தகப்பனின் ஊர் வராது. பெற்றோர் பிறகு கல்யாணம் செய்தாலும் இங்கிலாந்தில் பிள்ளையின் நிலை மாறாது. அதை மாற்றிய சட்டம் 1926இல்தான் வந்தது. ஏழு வயதுக்குள் என்றால் தாயோடு விடுவார்கள். பத்து வயதுப் பிள்ளையைச் சிற்றூர் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. ஜானே சொந்தத் தகப்பனாக இருந்தாலும் அவளை அவரோடு அனுப்பியிருக்க மாட்டார்கள். எனவே பெயர் இல்லாததை வைத்து ஜான் தகப்பன் இல்லை என்று சொல்ல முடியாது.

தகப்பன் யார் என்பதற்கு வேறு தாள் இருக்கும். பிள்ளை தன் தலையில் விழக்கூடாது என்று பங்கு முதலில் தாயைத்தான் கேட்கும். அவள் பெயர் சொன்னால் மாஜிஸ்திரேட்டுகள் அந்த ஆள் மேல் உத்தரவு போடுவார்கள்: பிரசவச் செலவும் வாரம் இவ்வளவும். உத்தரவு தொலைந்திருந்தாலும் வரவு ஓவர்சீயர் கணக்கில் இருக்கும். 1816இலிருந்து 1818 வரைக்கும் சிற்றூர்க் கணக்கின் வரவுப் பக்கத்தை டார்செஸ்டரில் போய்ப் பாருங்கோ. செலவுப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீங்கோ.

அந்த மகளின் கல்யாணப் பதிவு 1837 ஜூலைக்கு முன்னாலா, பின்னாலா?

கடல்தாண்டி

1838. இன்னும் மூலத்தைப் பார்க்கவில்லை, அட்டவணையில்தான் பார்த்தேன். டார்செஸ்டர் போய்வந்து எழுதுகிறேன்.

மழைக்குறி

நான் அவசரப்பட்டு முடிந்தது என்றேன். இப்போது தினமும் வந்து எட்டிப் பார்க்கிறேன், எழுதுங்கள்.

கடல்தாண்டி

போய்வந்தேன். மாமியாரும் கூட வந்தார்.

1816 இலையுதிர்காலத்திலிருந்து வரவுப் பக்கத்தில் ஜானின் பெயர். முழுப் பெயர். பக்கத்தில் அந்தத் தாயின் பெயரும், அவள் பிள்ளைக்காக என்ற குறிப்பும். வாரம் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், மாதக் கணக்காகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அறுவடை மாதங்களில் பாக்கி இல்லை. 1817 குளிர்காலத்தில் ஒரு மாதம் பாதிதான் கட்டியிருக்கிறார், அடுத்த மாதம் அந்த மிச்சமும் சேர்ந்து வருகிறது. 1818இல் அவர்களுடைய கல்யாணத்துக்கு அடுத்த கணக்கிலிருந்து அந்த வரவு நின்றுவிடுகிறது.

1838 கல்யாணப் பதிவையும் பார்த்தோம். 1837க்குப் பிந்தைய படிவம் என்பதால் மணமகளின் தகப்பன் பெயர், தொழில் இரண்டுக்கும் கட்டம் உண்டு. மகள் அங்கே ஜானின் பெயரைச் சொல்லியிருக்கிறாள், தொழில் கூலி என்று. அவளும் ஜானின் குடும்பப் பெயரில்தான் கல்யாணம் செய்திருக்கிறாள். முதல் சாட்சி பெயர் 1819இல் பிறந்த தம்பியின் பெயர்! பியர் ரீஜிஸிலிருந்து நடந்து வந்திருப்பான். மாமியார் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அங்கேயே அனுப்பினார்.

வன்னிக்குயில் அக்கா சொன்ன மற்ற ஜானையும் முடித்துவிட்டேன். 1791 ஜான் பக்கத்துப் பங்கில் கல்யாணம் செய்து, 1851இல் அங்கே 60 வயதில் கொத்தனாராக இருக்கிறார், பிறந்த ஊர் பியர் ரீஜிஸ் என்றே போட்டிருக்கிறது. இருவரும் ஒரே சென்சஸில் தனித்தனியாக.

வன்னிக்குயில்

இதைவிட உறுதியான சான்று கூலிக் குடும்பத்துக்குக் கிடைப்பது கஷ்டம், அண்ணை. விசாரணை வாக்குமூலம், வரவுக் கணக்கு, கல்யாணப் பதிவு மூன்றும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காரணத்துக்கு எழுதியவை, மூன்றும் ஒத்துப்போகின்றன. படங்களோடு ஆவண எண்ணையும் எந்தப் பக்கம் என்பதையும் குறித்து வையுங்கோ, பின்னால் தேடுகிறவர்களுக்கு உதவும்.

ஜானின் மரணம் பார்த்தீங்களா? 1861 சென்சஸில் இருக்கிறாரா?

கடல்தாண்டி

1861இல் இல்லை. 1859இல் சிற்றூரில் அடக்கம், வயது 66, அடக்கப் பதிவில் குடியிருப்பும் அதே ஊர்தான். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் மரணத்தின் போது இருந்த வயதும் தெரிகிறது, அங்கேயும் 66. சான்றிதழ் கேட்டிருக்கிறேன், மரணத்தைத் தெரிவித்தவர் யார் என்று அதில் வரும்.

அவருடைய பெற்றோர் கல்யாணம்தான் மிச்சம். 1780களின் பிஷப் நகலுக்குச் சிப்பன்ஹாம் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

நாசரேத்துக்காரன்

பியர் ரீஜிஸில் கல்யாணம் அகப்படாவிட்டால் தாயின் ஊரைத் தேடுங்கள் தம்பி. கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான் நடந்திருக்கும். முதலில் பக்கத்தில் வின்டர்போர்ன் கிங்ஸ்டன் பாருங்கள். அதுவும் பியர் ரீஜிஸோடு சேர்ந்தே டீன் அதிகாரத்தில் இருந்த ஊர்.